வெற்றுக் காணியும் மழைத் தண்ணீரும்: மலையக நகரங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலுக்குப் பிறகு, மலையகத்தில் காணி பற்றிய பேச்சே மாறிவிட்டது. வீடு இழந்தவர்களுக்கு இடம் தேடுகிறார்கள். சந்தையை, பஸ் நிலையத்தை எங்கே மாற்றலாம் என்று யோசிக்கிறார்கள். எல்லோருடைய கண்ணும் டவுனுக்குள் சும்மா கிடக்கிற துண்டுக் காணிகள் மேல்தான் விழுகிறது. ஆரம்பத்தில் நில அளவைக்காரர்களோடு அளவுச் சங்கிலி தூக்கித் திரிந்தவன் நான். பல வருடங்களாக, கட்டுவதற்கு முன் காணியில் வெள்ளம், மண்சரிவு, நஞ்சு என்று ஏதும் ஆபத்து உண்டா என மதிப்பிட்டுச் சொல்லும் வேலை செய்கிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிற கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

சும்மா கிடக்கிற காணிக்கு எதற்கு மதிப்பீடு? சுத்தம் செய்து கட்டினால் போதாதா?

நான் முதலில் கேட்பது: இது ஏன் இத்தனை வருடம் சும்மா கிடந்தது? ஹட்டனிலோ பண்டாரவளையிலோ பிரதான வீதியை ஒட்டிக் கடை போட ஒரு அடி இடம் கிடைக்காது. அப்படிப்பட்ட ஊரில் 40 பேர்ச்சஸ் (கால் ஏக்கர்) புதர் மண்டிக் கிடக்கிறதென்றால் காரணம் இருக்கும். வழக்கு இருக்கலாம், உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கலாம். அது காகிதப் பிரச்சினை, வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். ஆனால் பல இடங்களில் காரணம் வேறு. மழைக்குத் தண்ணீர் அந்த வழியாகத்தான் போகிறது, அல்லது மண் நிற்பதில்லை. நம் முன்னோர்கள் அதைப் பார்த்துத்தான் விட்டுவைத்தார்கள். அவர்கள் ஏன் விட்டார்கள் என்பதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் மதிப்பீடு.

'வெற்றுக் காணி' என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

மூடிப்போன தேயிலைத் தொழிற்சாலை வளவு, கைவிட்ட கராஜ், பழைய மர ஆலை, ரயில் பாதையோரத் துண்டுகள், ஓயாக் கரையில் நகர சபை வேலி போட்டு மறந்த இடம், நகர எல்லைக்குள் வந்துவிட்ட தேயிலை மலைகள், எரிந்த அல்லது இடிந்த லயங்கள் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) நின்ற மேடை, பழைய குப்பைமேடு எல்லாமே இதில் சேரும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். காகிதத்தில் 'வெற்று' என்று இருக்கிற இடத்தில் மரக்கறிப் பாத்தி இருக்கும், பீலி (ஊற்றுத் தண்ணீர் பிடிக்கிற குழாய்) இருக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற ஒற்றையடிப் பாதை இருக்கும். அவற்றை வரைபடத்தில் குறிக்காத எந்த மதிப்பீட்டையும் நான் முழுமையானதாக எடுத்துக்கொள்வதில்லை. பீலியை மூடிவிட்டால் அந்தத் தண்ணீர் காணாமல் போய்விடாது. வேறு எங்கோ, யாரோ ஒருவருடைய சுவருக்குப் பின்னால் வெளியே வரும்.

மதிப்பீடு என்று சொல்லி உண்மையில் என்ன செய்வார்கள்?

கட்டம் கட்டமாகப் போகும். முதலில் தோண்டுவது கிடையாது. பழைய வரைபடம், உறுதி, வான்படம் எல்லாம் பார்ப்பது, அக்கம்பக்கத்தில் விசாரிப்பது, காணியைக் காலால் நடந்து பார்ப்பது. இதில் சந்தேகம் எழுந்தால் இரண்டாம் கட்டம். சோதனைக் குழி வெட்டி மண்ணையும் தண்ணீரையும் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது, நிலத்தடி நீர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று அளப்பது. நஞ்சு இருப்பது உறுதியானால், அதை அகற்றுவதா, மூடுவதா, அந்த மூலையை விட்டுவிட்டு மற்றதைப் பயன்படுத்துவதா என்று முடிவெடுப்பது மூன்றாவது.

தட்டையான ஊர்களில் இதோடு முடிந்துவிடும். இங்கே இன்னும் இரண்டு கேள்வி கூட வரும். சரிவு நிற்குமா? மேலேயிருந்து வருகிற தண்ணீர் இந்தக் காணியைத் தாண்டி எங்கே போகிறது?

காணிக்குள் இறங்கியதும் எதைப் பார்ப்பது? நாமே பார்க்க முடியுமா?

தாராளமாக. பாதி விஷயம் கண்ணுக்கே தெரியும்.

மரங்களின் அடிப்பகுதியைப் பாருங்கள். மரம் அடியில் வளைந்து, பிறகு நேராக நிமிர்ந்திருந்தால் மேல்மண் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம். வேலித்தூண்கள் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றனவா? நிலத்தில் பிறை வடிவில் வெடிப்பு இருக்கிறதா? மழையே இல்லாத பெப்ரவரியிலும் ஒரு மூலை மட்டும் பச்சையாக, காட்டுச் சேம்பு தழைத்து நிற்கிறதா? அங்கே ஊற்று இருக்கிறது. வேலிக் கம்பியில் கிழிந்த பொலித்தீன் பைகள் சிக்கியிருந்தால் எந்த உயரத்தில் சிக்கியிருக்கின்றன என்று அளந்து எழுதுங்கள். கடைசி வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது.

அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஒரு டவுனின் பின்வீதியில், நான் மேலே சொன்ன மாதிரி சரியாக 40 பேர்ச்சஸ் காணி ஒன்றைப் பார்க்கப் போயிருந்தோம். வாங்க வந்தவர் கையில் வைத்திருந்த வரைபடத்தில் ஓடை எதுவும் இல்லை. சுற்றிப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு ஆச்சியிடம், "ஆச்சி, இங்க தண்ணி வருமா?" என்று கேட்டேன். "வராது தம்பி" என்றார் உடனே. சரி என்று திரும்பினேன். அவர் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்த இடத்திலிருந்தே, "படி மூணு வரைக்குந்தான் வரும்" என்றார். அவருக்கு அது தண்ணீர் வருவதில் சேர்த்தி இல்லை. வீட்டுக்குள் வந்தால்தான் தண்ணீர் வந்த கணக்கு. எழுந்து போய் அந்தப் படிகளைப் பார்த்தேன். மூன்றாவது படியின் மேல் விளிம்பு வரை சுண்ணாம்பு மங்கிப்போய், ஒரு கோடு அளவெடுத்துப் போட்ட மாதிரி நின்றது. நிலத்திலிருந்து 52 சென்டிமீட்டர். அன்றைக்கு எங்கள் அறிக்கையில் இருந்த மிகப் பெறுமதியான எண் அதுதான்.

அதனால் "வெள்ளம் வருமா" என்று கேட்காதீர்கள். "எந்தப் படி வரைக்கும் வரும்" என்று கேளுங்கள்.

மலையில் நல்ல சமதளமாக ஒரு காணி கிடைத்திருக்கிறது. அதுதானே பாதுகாப்பு?

பலரும் ஏமாறுகிற இடம் இது. மலையில் சமதளம் சும்மா உண்டாகாது. ஒன்று, அது பள்ளத்தாக்கின் அடி, அதாவது தண்ணீர் தங்குகிற இடம். இரண்டு, யாரோ மண் கொட்டி நிரப்பியது. மூன்று, எப்போதோ மேலேயிருந்து சரிந்து வந்த கல்லும் மண்ணும் கலந்து படிந்த படுகை. அதுவும் இல்லையென்றால் உறுதியான பாறைத் திட்டாக இருக்கலாம். அது கிடைத்தால் அதிர்ஷ்டம்.

மூன்றாவது வகைதான் பயங்கரமானது. செங்குத்தான மலைக்குக் கீழே, மெல்லிய சரிவோடு, தோட்டம் போட வசதியாக, தண்ணீரும் பக்கத்திலேயே. பார்த்தால் குடியேறச் சொல்லும். வெட்டிப் பார்த்தால் சின்னதும் பெரியதுமாகக் கற்கள், இடையில் இளகிய மண், ஒழுங்கான அடுக்கே இருக்காது. பழைய சரிவின் மிச்சம் அது. நீண்ட மழையில் அதற்குள் தண்ணீர் நிறைந்துவிட்டால் திரும்பவும் நகரும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மலை இறங்கியது இப்படிப்பட்ட மண்ணில்தான். இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்பே எச்சரிக்கை சொல்லப்பட்டிருந்தது.

சோதனைக் குழி வெட்டினால் மூன்று அடியோடு நிறுத்தாதீர்கள். மேலே இருக்கிற சிவப்பு மண் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

பழைய தேயிலை நிலத்தில் மருந்து தங்கியிருக்குமா?

இருக்கலாம். ஆனால் பயப்படுவதிலும் அளவு வேண்டும். 1946இல் இலங்கைத் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தது. அதற்குப் பிறகு செம்பு கலந்த மருந்தைப் பல வருடம் அடித்தார்கள். செம்பு உலோகம், சிதையாது. மேல்மண்ணிலேயே சேரும். தண்டைத் துளைக்கும் வண்டுக்கு டில்ட்ரின் அடித்த காலமும் இருந்தது. அது வண்டைக் கொன்றதோடு, இலை சுருட்டும் புழுவின் இயற்கை எதிரிகளையும் கொன்று, புழுவைப் பெருக்கிவிட்டது. டில்ட்ரின் மண்ணோடு ஒட்டிக்கொண்டு பல பத்தாண்டுகள் கிடக்கக்கூடியது.

கட்டடம் கட்டி, மேலே தளம் போடுகிற இடத்தில் இது பெரிய ஆபத்தில்லை. வீட்டுத் தோட்டம் போடப் போகிறீர்கள், பிள்ளைகள் மண்ணில் விளையாடுவார்கள் என்றால்தான் மேல்மண்ணைப் பரிசோதிக்க வேண்டும். பூசணி, வெள்ளரி வகைகள் டில்ட்ரினை மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும். மருந்து கலக்கிய கொட்டில் எங்கே இருந்தது என்று பழைய தொழிலாளிகளுக்குத் தெரியும். மலை முழுக்கப் பரிசோதிப்பதைவிட அந்தக் கொட்டில் நின்ற பத்தடி மண்ணைப் பரிசோதிப்பது பிரயோசனம்.

கராஜ், எரிபொருள் நிலையம் இருந்த இடம்?

அங்கே கண்டிப்பாக இரண்டாம் கட்டம் வேண்டும். பழைய என்ஜின் ஒயில், டீசல், பெற்றரி ஈயம், நிலத்துக்கடியில் புதைந்த தாங்கி எல்லாம் இருக்கும். பழைய தேயிலைத் தொழிற்சாலைகளில் உலை எண்ணெய்த் தாங்கியும் டிரான்ஸ்போமரும் நின்ற இடத்தைத் தேடுங்கள். மர ஆலைகளில் மரத்துக்கு மருந்து ஊறவைத்த தொட்டி இருந்திருக்கும். செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த மருந்து அதில் பாவிப்பது வழக்கம். எனக்கு எண்ணெயைவிட அந்தத் தொட்டி மேல்தான் பயம் அதிகம்.

ஒரு சின்ன விஷயம். குட்டையில் வானவில் நிறத்தில் படலம் மிதந்தால் உடனே "எண்ணெய்!" என்று கூச்சல் போட வேண்டாம். நம் பக்க ஊற்றுகளில் இரும்புச் சத்து அதிகம். அதை உண்டு வாழும் பற்றீரியாவும் அதே மாதிரிப் படலம் போடும். ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு மாதிரித் துண்டு துண்டாக உடைந்து பிரிந்தே நின்றால் பற்றீரியா. சுழன்று திரும்பவும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டால் எண்ணெய்.

பழைய அஸ்பெஸ்டஸ் கூரைத் தகடுகள் குவிந்து கிடக்கின்றன.

உடைக்காதீர்கள், பெக்கோவை (மண் வெட்டும் இயந்திரத்தை) மேலே ஏற்றாதீர்கள். நனைத்து, முழுத் தகடாக எடுத்து, தடித்த பொலித்தீனில் சுற்றி, சபை காட்டும் இடத்துக்கு அனுப்புங்கள். அடியில் நிரப்ப அதை நொறுக்கிப் போடுகிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. விட்டுவிட வேண்டிய பழக்கம்.

பழைய குப்பைமேட்டை மூடி மைதானம் ஆக்கலாமா?

ஆக்கலாம், ஆனால் அவசரப்படக் கூடாது. குப்பை பல வருடம் அமிழ்ந்துகொண்டே இருக்கும், மீதேன் வாயு வரும், அடியில் கறுப்புத் தண்ணீர் கசியும். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் கொழும்பு மீத்தொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அது தட்டையான ஊர். இங்கே குப்பையையே சரிவில்தான் கொட்டுகிறோம். கண்டி கொஹாகொடையில் கொட்டியது மகாவலிக் கரையோரம். அடியில் நீர் வடிகிற வழியைச் சரி செய்யாமல் மேலே புல் பதிப்பது, புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுகிற வேலை.

ஒரு துண்டுக் காணியில் கட்டினால் ஊருக்கே வெள்ளம் வந்துவிடுமா? மிகைப்படுத்துகிறீர்களா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பேர்ச் 25.29 சதுர மீட்டர். 40 பேர்ச்சஸ் என்றால் ஏறக்குறைய 1,012 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1 லீட்டர் தண்ணீர். ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் பெய்தால், அது இங்கே அபூர்வமில்லை, அந்தக் காணியில் மட்டும் 1,01,000 லீட்டர் விழுகிறது. வீட்டுக் கூரையில் வைக்கிற 1,000 லீட்டர் கறுப்புத் தாங்கியால் அளந்தால் 101 தாங்கி.

புதரும் புல்லுமாக இருந்தபோது அதில் பத்தில் மூன்று பங்கு வழிந்தோடியது என்று வைத்துக்கொள்வோம். 30 தாங்கி. கூரையும் கொங்கிரீட்டும் ஆனபின் பத்தில் ஒன்பது பங்கு ஓடும். 91 தாங்கி. கூடுதலாக 61 தாங்கித் தண்ணீர், முன்பைவிட வேகமாக, கீழே இருக்கிற அதே பழைய கானுக்குள் (வடிகாலுக்குள்) போகிறது. அந்தக் கானை இரண்டடி அகலத்தில் கட்டிய காலத்தில் மேலே கட்டடமே இல்லை. இப்படிப் பத்துக் காணி வந்தால் கணக்கை நீங்களே போடுங்கள்.

இந்தக் கணக்குக்கு ஒரு எல்லை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். நாலைந்து நாள் விடாமல் பெய்து மண் ஊறிப்போன பிறகு புதரும் ஒன்றுதான், கொங்கிரீட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். டித்வா மாதிரி மழையில் எந்தப் புல்வெளியும் உறிஞ்சிக் காப்பாற்றாது. அப்போது இரண்டு விஷயம்தான் கைகொடுக்கும். தண்ணீர் போக வழி அடைபடாமல் இருக்க வேண்டும், கீழே அது சேதமில்லாமல் நின்று போக ஒரு இடம் இருக்க வேண்டும். அந்தப் புயலில் மூழ்கிய கம்பளையை எடுத்துக்கொள்ளுங்கள். மகாவலி ஓரத்து ஊர். 1947 வெள்ளத்தையும் பார்த்தது. 1980களில் மேலே கொத்மலை அணை வந்தது, அதன் நோக்கங்களில் கம்பளையின் வெள்ளத்தைக் குறைப்பதும் ஒன்று. அணை வந்தால் ஆற்றோரம் பயமில்லை என்று நினைப்பது மனித இயல்பு. ஆறு எங்கும் இடம் மாறிப் போய்விடவில்லை.

அப்படியானால் எல்லாக் காணியிலும் குழி வெட்டி மழைநீரை உறிஞ்ச விட்டால் சரிதானே?

இல்லை! இந்தப் பக்கத்தில் நான் எழுதியதில் எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

கொழும்பில் சதுப்பு நிலங்களைக் காப்பாற்றித் தண்ணீரைத் தேக்குவது சரியான வழி. 2018இல் ஈரநிலப் பாதுகாப்புக்கான சர்வதேச ராம்சார் அமைப்பு கொழும்பை ஈரநில நகரமாக அங்கீகரித்ததும் அதற்காகத்தான். அங்கே சொல்வதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து ஹட்டன் சரிவில் செய்தால் ஆபத்து. சரிவில் உறிஞ்சு குழி வெட்டுவது, மலைக்குள் தண்ணீரை ஊசி போட்டு ஏற்றுவது மாதிரி. மண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடும், மண் மண்ணைப் பிடித்திருக்கிற பிடி தளரும், பிறகு எங்கோ ஒரு மழை இரவில் சரியும். இதே காரணத்துக்காகத்தான் மலசலகூடக் குழியைச் சரிவின் விளிம்பில் வெட்டாதே என்று சொல்கிறோம்.

மேட்டில் தண்ணீரைக் கட்டிப் பிடித்து, சிமெந்துக் கானில், படிப்படியாக வேகத்தை உடைத்து, கீழே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். தேக்கித்தான் ஆக வேண்டுமென்றால் கசியாத தொட்டியில் தேக்குங்கள். தேயிலை மலையில் கான் வெட்டிய பழைய ஆட்களுக்கு இது கைவந்த கலை. மலையைக் குறுக்காக, மெல்லிய வாட்டத்தில் வெட்டிக் கொண்டுபோய் ஓடையில் விடுவார்கள். ஒவ்வொரு மழைக்கு முன்பும் மண் அள்ளுவார்கள். இப்போது மலையைத் துண்டு போட்டு விற்கும்போது முதலில் மூடுவது அந்தக் கானைத்தான். மேலே உள்ளவர் கானை மூடி முற்றம் ஆக்குகிறார், கீழே உள்ளவர் வீட்டுக்குப் பின்னால் மண் வந்து விழுகிறது, இரண்டு பேரும் மழையைத் திட்டுகிறார்கள்.

பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிற காணியில்தான் உறிஞ்ச விடலாம், தேக்கலாம், ஈர நிலமாக விடலாம்.

மண்சரிவு அபாய வரைபடத்தில் எங்கள் காணி ஆபத்து வலயத்தில் இல்லை. போதுமா?

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வரைபடம் முதல் வடிகட்டி. ஆபத்து என்று காட்டினால் விவாதிக்காமல் விட்டுவிடுங்கள். காட்டாவிட்டால், இன்னும் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். 1:50,000 அளவு வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிலத்தில் 50 மீட்டர். உங்கள் காணி அதில் ஒரு புள்ளிகூட இல்லை. 1:10,000 அளவு வரைபடம் இருந்தால் அதைக் கேளுங்கள். கட்டுவதற்கு முன் அந்த நிறுவனத்தின் பரிந்துரை அறிக்கையும் எடுக்க வேண்டும். வரைபடம் போட்ட பிறகு பக்கத்துக் காணிக்காரர் மலையை இருபது அடி செங்குத்தாக வெட்டியிருந்தால் அது வரைபடத்தில் இருக்காது.

அவர்களுடைய மழை அளவுகளையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் வெளியேறத் தயார், 150 தாண்டினால் வெளியேற்றம். ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலும் கிளம்ப வேண்டியதுதான். பக்கவாட்டுச் சுவர் நேராக உள்ள ஒரு பால்மா டின்னைத் திறந்த வெளியில் வைத்து, விழுந்த தண்ணீரை அடிமட்டத்தால் அளந்தால் ஓரளவு சரியான கணக்கு கிடைக்கும். 7.5 சென்டிமீட்டர், 10, 15.

சட்டப்படி சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயமா?

சின்னக் காணிக்குப் பெரும்பாலும் இல்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தில் 1988இல் திருத்தம் வந்துதான் இந்த ஏற்பாடு உண்டானது. எந்தெந்தத் திட்டங்களுக்கு வேண்டும் என்பது 1993 ஜூன் மாத வர்த்தமானியில் பட்டியலாக இருக்கிறது. 4 ஹெக்டேருக்கு மேல் ஈரநிலம் நிரப்புவது, 1,000க்கு மேல் வீடு கட்டுவது என்று அளவுகள் போகும். ஆனால் பட்டியலில் உள்ள வகைத் திட்டம் எளிதில் பாதிக்கப்படக்கூடிய இடத்தில் வந்தால் அளவு பார்ப்பதில்லை. மண் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அரிக்கக்கூடியதெனப் பிரகடனப்படுத்திய பகுதி, வெள்ளப் பகுதியெனப் பிரகடனப்படுத்தியது, 25 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆற்றின் கரையிலிருந்து 60 மீட்டருக்குள் உள்ள இடம் எல்லாம் அப்படி.

முழு மதிப்பீடு என்றால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. அறிவித்தல் பத்திரிகையில் வரும், நம் ஆட்களில் யாரும் பார்க்க மாட்டார்கள்.

சட்டம் கேட்காவிட்டால் செய்யத் தேவையில்லை என்று சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். மலைக்கு வர்த்தமானி வாசிக்கத் தெரியாது.

எந்த மாதத்தில் பார்ப்பது நல்லது?

காணி விற்கிறவர் வெயில் காலத்தில்தான் காட்டுவார். நீங்கள் மழையில் போங்கள். ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளை, அப்புத்தளைப் பக்கம் ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை. பெய்துகொண்டிருக்கும்போது ஒரு முறை, நின்று ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை, மூன்று நாள் கழித்து ஒரு முறை. மூன்றாவது முறையும் ஓரிடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் அது மழைத் தண்ணீர் இல்லை, ஊற்று.

பழைய தகவல்களை எங்கே தேடுவது?

நில அளவைத் திணைக்கள வரைபடங்கள், தோட்டத்துப் பழைய பிளான், கூகுள் ஏர்த்தில் பழைய வருடப் படங்கள். அரச அலுவலகத்தில் இருக்கிறது, தர மறுக்கிறார்கள் என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

ஊர்ப் பெயரையும் கேட்டுப் பாருங்கள். சிங்களத்தில் 'தெனிய' என்று முடிந்தால் மலைகளுக்கு நடுவில் தாழ்ந்த நிலம், 'வில' என்றால் நீர் நிற்கிற இடம். தோட்டத்தில் 'ஊத்து மலை' என்று ஒரு நம்பருக்கு (இலக்கமிட்ட தேயிலை மலைத் துண்டுக்கு) பெயர் இருந்தால் யாரும் சும்மா வைக்கவில்லை. புதிதாகத் துண்டு போட்டு விற்கிறவர்கள் வைக்கிற 'ஹில் வியூ', 'கிரீன் கார்டன்' பெயர்களில் ஒரு தகவலும் கிடையாது.

வெள்ளம் வருகிற காணியில் எதுவுமே செய்யக் கூடாதா?

செய்யலாம். வருடத்தில் சில நாள் நனைந்தாலும் கெட்டுப்போகாத எதையும் செய்யலாம். விளையாட்டு மைதானம், வாகனத் தரிப்பிடம், வாரச் சந்தை, நாற்றுமேடை. நுவரெலியாவின் கிரகரி வாவி 1873இல் ஆளுநர் கிரகரி காலத்தில் சதுப்பாகக் கிடந்த பள்ளத்தில்தான் உண்டாக்கப்பட்டது. பள்ளத்தைப் பள்ளமாகவே பயன்படுத்திய உதாரணம் அது. கட்டத்தான் வேண்டுமென்றால் தூண்கள் மேல் உயர்த்தி, கீழ்த்தளத்தைத் திறந்தே விடுங்கள். அதைப் பிறகு சுவர் வைத்துக் கடையாக மாற்றுவார்கள் என்பதையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள், அது நம் ஊர் வழக்கம்.

அந்த முறுக்கு ஆச்சி வீட்டுப் பக்கத்துக் காணியை வாங்கியவர் கடைசியில் மேல்பாதியில் மட்டும் கட்டினார். கீழே 15 பேர்ச்சஸ் புல்லாகவே கிடக்கிறது, ஆட்டோ நிறுத்துகிறார்கள். வாங்கிய விலைக்கு அது நட்டம் என்று இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

புயலில் வீடு இழந்தவர்களுக்கு இந்தக் காணிகளைக் கொடுக்கலாமே?

கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் இந்தச் சோதனைகளைத் தாண்டிய காணியைக் கொடுக்க வேண்டும். அவசரத்தில் ஒரு சரிவிலிருந்து தூக்கி இன்னொரு பழைய சரிவில் வைத்துவிடக் கூடாது. தோட்டக் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் என்பது சில வருடங்களாக நடைமுறையில் இருந்த கணக்கு. அந்த 7 பேர்ச்சஸுக்குள் வீடு, மலசலகூடக் குழி, கான், தடுப்புச் சுவர் எல்லாம் அடங்க வேண்டும். நாற்பது வீட்டுக் கூரைத் தண்ணீரும் மலசலகூடக் குழித் தண்ணீரும் ஒரே சரிவுக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்பதைக் காணி ஒதுக்குகிற நாளிலேயே கேட்க வேண்டும். வீடு எழும்பிய பிறகு பொதுக் கான் வெட்ட யாரும் தன் முற்றத்தில் இடம் விடமாட்டார்கள்.

செலவு?

காணியின் விலையோடு பார்த்தால் சில்லறை. முதல் கட்டத்தைச் செய்யாமல் ஆய்வுகூடத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். எங்கே தோண்டுவது என்று தெரியாமல் தோண்டினால் அறிக்கை தடிப்பாக வரும், விஷயம் இருக்காது.

பக்கத்துக் காணியில் இன்று காலையில் பெக்கோ வந்து நிற்கிறது. என்ன செய்வது?

சண்டைக்குப் போகாதீர்கள். வேலை தொடங்குவதற்கு முன் உங்கள் பக்கத்து மதில், கான், படி எல்லாவற்றையும் திகதி தெரிகிற மாதிரிப் படம் எடுங்கள். சுவரில் ஏற்கெனவே உள்ள வெடிப்புகளின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டு அன்றைய திகதியை எழுதுங்கள். பிறகு வேலை செய்விக்கிறவரிடம், "அண்ணே, கான் எந்தப் பக்கமா போகுது?" என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தால் பாதி நிம்மதி. தெரியாவிட்டால் அன்றைக்கே கிராம உத்தியோகத்தரிடமும் சபையிலும் எழுத்தில் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மண் வெட்டிய இடத்தில் மழைக்கு வெடிப்பு விழுந்தாலோ, ஊற்று திடீரென்று கலங்கி வந்தாலோ, ஓடிக்கொண்டிருந்த ஊற்று நின்றாலோ, முத்திரை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 அழையுங்கள்.